1.80 கோடி ரூபாய்க்கு ஒரு பக்கத் தாள்

கேள்வி: எனக்கு வயது 62. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றேன். பூர்வீக நிலத்தை விற்றதில், வரி போக 1.80 கோடி ரூபாய் வங்கியில் கிடக்கிறது. சொந்த வீடு. மாடி வாடகையும் பி.எஃப். பென்ஷனும் சேர்ந்து மாதம் 25,000 வருகிறது, செலவு 70,000 ஆகிறது. மகளுக்கு ஒன்றரை வருடத்தில் கல்யாணம், அதற்கு 25 லட்சம் வேண்டும். தெரிந்தவர் மூலமாக ஒரு வெல்த் மேனேஜ்மென்ட் நிறுவனத்திலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். 1 கோடியை, எனக்காக அவர்களே பங்குகளை வாங்கி விற்று நிர்வகிக்கும் பிஎம்எஸ் என்ற சேவையிலும், 50 லட்சத்தை 11 சதவீதம் வட்டி தரும் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் கடன் பத்திரத்திலும், 30 லட்சத்தை எஃப்டியிலும் போடச் சொல்கிறார்கள். “நிபுணர் குழு தினமும் பார்த்துக்கொள்ளும்” என்கிறார்கள். என் மனைவி கேட்கிறார்: பணம் யார் பெயரில் இருக்கும்? யார் பார்ப்பார்கள்? என்னத்தைப் பார்ப்பார்கள்? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்:

ஐயா, வணக்கம். சென்னையில் ஒரு நிறுவனத்தின் போர்ட்ஃபோலியோ பிரிவில் பதிமூன்று வருடம் இருந்தேன். அம்மா கேட்ட மூன்று கேள்விகளை இவ்வளவு சுருக்கமாக அங்கே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இப்போது கமிஷன் இல்லாமல், வாடிக்கையாளரிடம் கட்டணம் மட்டும் வாங்கும் ஆலோசகராக இருக்கிறேன். அதனால் கமிஷன்காரர்கள் மேல் எனக்கு ஒரு கடுப்பு உண்டு. அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

முதலில் அந்தப் பெயர். ‘வெல்த் மேனேஜர்’ என்று, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் தனியாக ஒரு லைசென்ஸ் கிடையாது. ஒரே பெயர்ப் பலகைக்குப் பின்னால் மூன்று வேலைகள் நடக்கலாம். மியூச்சுவல் ஃபண்டையும் பத்திரத்தையும் விற்றுக் கமிஷன் வாங்கும் விநியோகஸ்தர் ஒருவர். அவருக்கு ஏஆர்என் எண் இருக்கும். கட்டணம் வாங்கி ஆலோசனை மட்டும் சொல்பவர் இன்னொருவர், ஐஎன்ஏ என்று தொடங்கும் பதிவு எண்ணோடு. உங்கள் பணத்தை எடுத்து நிர்வகிக்கும் போர்ட்ஃபோலியோ மேனேஜர் மூன்றாமவர், அவர் எண் ஐஎன்பி என்று தொடங்கும். வந்தவரின் விசிட்டிங் கார்டைத் திருப்பிப் பாருங்கள். எந்த எண் இருக்கிறது, இந்த யோசனையை எந்த எண்ணில் சொல்கிறார் என்று கேளுங்கள். விநியோகஸ்தர் தன்னை ‘வெல்த் அட்வைசர்’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2020லேயே செபி சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் கார்டுகளில் ‘ரிலேஷன்ஷிப் மேனேஜர்’கள் பெருகினார்கள் என்பது என் சந்தேகம்.

சரி, போர்ட்ஃபோலியோவை எப்படிக் கட்டுவார்கள்? ஒழுங்காகச் செய்யும் இடத்தில் முதல் சந்திப்பில் எந்தத் திட்டத்தின் பெயரும் வராது. எப்போது, எவ்வளவு பணம் வேண்டும் என்ற தேதிக் கணக்குதான் முதலில் வரும். அடுத்து ரிஸ்க் கேள்வித்தாள். “சந்தை 20 சதவீதம் விழுந்தால் என்ன செய்வீர்கள்?” என்று அதில் இருக்கும். ஏறுகிற சந்தையில் எல்லாரும் “இன்னும் வாங்குவேன்” என்றுதான் டிக் அடிப்பார்கள். அதனால் அனுபவமுள்ளவர்கள் இரண்டைப் பிரித்துப் பார்ப்பார்கள்: மனசு எவ்வளவு தாங்கும், வீட்டுக் கணக்கு எவ்வளவு தாங்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் அளவு. உங்களுக்கு மனசு எப்படியோ, எனக்குத் தெரியாது. வீட்டுக் கணக்கைக் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள்: மாதம் 45,000 பற்றாக்குறை, ஒன்றரை வருடத்தில் 25 லட்சம்.

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, நீங்களும் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். முதலீட்டுக் கொள்கை அறிக்கை என்பார்கள். நான் ‘ஒரு பக்கத் தாள்’ என்பேன். பங்கு எத்தனை சதவீதம், எந்த எல்லையைத் தாண்டினால் திருத்த வேண்டும், ஒரே கம்பெனியில் அதிகபட்சம் எவ்வளவு, எதையெல்லாம் வாங்கவே கூடாது, எப்போது பணம் வெளியே வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்தப் பங்கு, எந்த ஃபண்ட் என்ற பேச்சு இதற்குப் பிறகுதான். உங்களுக்கு வந்த யோசனையில் அந்தத் தாள் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், அவர்கள் கட்டியது உங்களுக்கான வீடு அல்ல, கையிலிருந்த பிளானைக் காட்டியிருக்கிறார்கள்.

அந்த பிளானைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அவர்கள் விவரமில்லாதவர்கள் இல்லை. 50 லட்சத்துக்கு 11 சதவீதம் என்றால் வருடம் 5.50 லட்சம், மாதம் 45,800 சொச்சம். உங்கள் பற்றாக்குறை 45,000. கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் இதற்கு என்ன பொருள் என்றால், உங்கள் வீட்டு அரிசி, மருந்து, கரண்ட் பில் எல்லாம் ஒரே ஒரு கம்பெனியின் வாக்கில் நிற்கிறது. கல்யாணத்துக்கு 25 லட்சம் எஃப்டியிலிருந்து போய்விட்டால் மிச்சம் 5 லட்சம். வட்டி நின்றுபோனால் அது பதினொரு மாதம் தாங்கும். அதன் பிறகு சந்தை எந்த நிலையில் இருந்தாலும் பிஎம்எஸ்ஸை உடைத்தாக வேண்டும்.

11 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அரசாங்கமே மூத்த குடிமக்களுக்கு 8.2 சதவீதம் தருகிறபோது ஒரு கம்பெனி 11 தர முன்வந்தால், அதற்குக் கீழே கடன் தர ஆள் கிடைக்கவில்லை என்று அர்த்தம். 2018இல் ஐஎல்&எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் தவணை தவறுவதற்குச் சில வாரங்கள் முன்பு வரைக்கும் அதன் பத்திரங்களுக்கு மிக உயர்ந்த தரச்சான்று இருந்தது. 2020 மார்ச்சில் யெஸ் பேங்கின் ஏடி-1 பத்திரங்கள் (வங்கி நெருக்கடியில் சிக்கினால் பணம் திரும்பாமலே போகக்கூடியவை) 8,400 கோடி ரூபாய்க்கு மேல் ஒரே நாளில் பூஜ்யமாக எழுதப்பட்டன. அதில் எஃப்டி மாதிரிதான் என்று நம்பி வாங்கிய ஓய்வூதியர்களும் இருந்தார்கள். நான் எல்லாக் கம்பெனிப் பத்திரத்தையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றில் 50 லட்சம் வேண்டாம்.

அடுத்து பிஎம்எஸ். இதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அம்மா கேட்ட “யார் பார்ப்பார்கள், என்னத்தைப் பார்ப்பார்கள்” இங்கேதான் வருகிறது.

செபியின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி பிஎம்எஸ்ஸில் ஒருவர் குறைந்தது 50 லட்சம் போட வேண்டும். அதில் வகை உண்டு. ‘டிஸ்கிரீஷனரி’ என்றால் முடிவு முழுக்க அவர்களுடையது. எதை வாங்கினாலும் விற்றாலும் உங்களைக் கேட்க வேண்டியதில்லை. ‘நான்-டிஸ்கிரீஷனரி’ என்றால் ஒவ்வொன்றுக்கும் உங்கள் சம்மதம் வேண்டும். உங்களிடம் சொல்லியிருப்பது அநேகமாக முதல் வகையாக இருக்கும். ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ஒரு மாதிரி போர்ட்ஃபோலியோ இருக்கும், இருபது இருபத்தைந்து பங்குகளோடு. ஆய்வாளர்கள் பரிந்துரைப்பார்கள், முதலீட்டுக் குழு கூடிப் பேசும், ஃபண்ட் மேனேஜர் முடிவெடுப்பார். ஒரு பங்கை விற்பது என்று முடிவானால் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து ஒரே ஆர்டராகப் போடுவார்கள். அன்றைய சராசரி விலையில், விகிதப்படி எல்லாருக்கும் பிரித்துத் தர வேண்டும் என்பது விதி. பெரிய வாடிக்கையாளருக்கு நல்ல விலை, உங்களுக்கு மிச்சம் என்று செய்ய முடியாது. மாலையில் பின் அலுவலகத்தில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். நான் அந்தக் கூட்டத்தில்தான் வேலையைத் தொடங்கினேன். எங்கள் புத்தகத்தில் இருக்கும் பங்குக் கணக்கும், பங்குகளைக் காவல் காக்கும் கஸ்டோடியன் நிறுவனம் அனுப்பும் கணக்கும் வரிக்கு வரி ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். ஒரு வாடிக்கையாளருக்கு 40 பங்கு குறைந்தால் அது எங்கே போனது என்று தெரியும்வரை வீட்டுக்குப் போக முடியாது. சாப்பிட்டது பெரும்பாலும் ஆறிப்போன பரோட்டா. நிபுணர் குழு என்றால் கோட் போட்டவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் படம்தான் விளம்பரத்தில் வரும். உங்கள் பணத்தைத் தினமும் தொட்டுப் பார்ப்பவர்கள் இந்தப் பையன்கள்தான்.

இவர்கள் பார்க்காதது ஒன்று இருக்கிறது. உங்கள் வீடு. மகளின் கல்யாணம் முன்கூட்டியே வந்ததோ, உங்களுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்பதோ அந்தத் திரையில் தெரியாது. மாதிரி போர்ட்ஃபோலியோ எல்லாருக்கும் ஒன்றுதான். உங்கள் வாழ்க்கைக்கு ஏற்ப ஒட்டுமொத்தத்தையும் பார்க்க வேண்டியவர் வீட்டுக்கு வந்த ரிலேஷன்ஷிப் மேனேஜர். அவர் எத்தனை மாதமாக அந்த வேலையில் இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். இந்தத் தொழிலில் அந்த நாற்காலிகள் அடிக்கடி மாறும்.

இப்போது கட்டணம். எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, 2.5 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன், பரவலாகக் கேட்கும் அளவு அதுதான். 18 சதவீத ஜிஎஸ்டியோடு சேர்த்தால் 1 கோடிக்கு வருடம் 2.95 லட்சம். தரகும் இதர செலவும் தனி. லாபத்தில் பங்கு என்ற திட்டமும் தருவார்கள். அதில் ‘ஹை வாட்டர் மார்க்’ என்று ஒரு பாதுகாப்பு கட்டாயம்: 1 கோடி 1.20 கோடியாகி, பிறகு 90 லட்சத்துக்கு இறங்கி, மறுபடி 1.15 கோடிக்கு ஏறினால், அந்த ஏற்றத்துக்குப் பங்கு கேட்க முடியாது. 1.20ஐத் தாண்டினால்தான். முன்பணக் கட்டணமும் வாங்கக் கூடாது. முதல் வருடத்தில் வெளியே வந்தால் 3 சதவீதம் வரை, இரண்டாம் வருடம் 2, மூன்றாம் வருடம் 1 என்று பிடிக்கலாம். அதன் பிறகு ஒன்றும் கிடையாது.

வரி விஷயமும் இருக்கிறது. பிஎம்எஸ்ஸில் அவர்கள் விற்கும் ஒவ்வொரு பங்கும் நீங்கள் விற்றதாகவே கணக்கு. ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். அதற்கு மேல் வைத்து விற்றால், வருடத்துக்கு 1.25 லட்சம் லாபம் போக மீதிக்கு 12.5 சதவீதம். மியூச்சுவல் ஃபண்டுக்குள் மேனேஜர் எத்தனை முறை மாற்றினாலும், நீங்கள் யூனிட்டை விற்கும்வரை உங்களுக்கு வரி இல்லை.

பத்துக் கோடி வைத்திருப்பவர், அல்லது வேலை பார்த்த கம்பெனிப் பங்கு ஒன்றிலேயே முக்கால் சொத்தும் மாட்டிக்கொண்டவர் வந்தால் நல்ல பிஎம்எஸ் பக்கம் நானே கை காட்டுவேன். உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் தாளை நான் எழுதினால் இப்படி எழுதுவேன். கல்யாணப் பணம் 25 லட்சம் எஃப்டியில், அதுவும் ஒரே வங்கியில் வேண்டாம். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைக்கும்தான் காப்பீடு. 30 லட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், உங்கள் பெயரில். 2023 ஏப்ரலில் இதன் உச்சவரம்பை 15லிருந்து 30 லட்சமாக்கி வட்டியை 8.2 ஆக்கினார்கள். அந்த வட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 வரும், மாதக் கணக்கில் 20,500. மிச்சப் பற்றாக்குறை மாதம் 24,500, வருடத்துக்கு 2.94 லட்சம். பிஎம்எஸ் கட்டணத்தை மறுபடி பாருங்கள், 2.95 லட்சம். உங்கள் வீட்டில் வருடம் முழுக்கத் துண்டு விழும் தொகையும் அந்தக் கட்டணமும் ஒன்றுதான்.

அந்தப் பற்றாக்குறைக்கு மூன்று வருடத்துக்கு வேண்டிய 10 லட்சம், சீக்கிரம் எடுக்கக்கூடிய லிக்விட் ஃபண்டில் இருக்கட்டும். மீதி 1.15 கோடி. அதில் 60 லட்சத்தை அரசுப் பத்திரம், நல்ல வங்கிகளின் டெபாசிட், குறுகிய கால கடன் ஃபண்ட் என்று பிரிக்கலாம். 55 லட்சம் பங்குக்கு. சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்று, பரவலாக வாங்கும் ஃபண்ட் ஒன்றோ இரண்டோ, விநியோகஸ்தர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில், ஒரு வருடத்துக்குக் குறையாமல் மாதா மாதம் பிரித்துப் போடுங்கள். அம்மாவுக்கு 60 வயதாகும்போது அவர் பெயரிலும் மூத்த குடிமக்கள் திட்டம் தொடங்கலாம். தங்கம் வீட்டில் இருப்பதே போதும், கல்யாணம் வேறு வருகிறது.

பங்கு மொத்தத்தில் 30 சதவீதம் என்று எழுதி, 25க்குக் கீழோ 35க்கு மேலோ போனால் திருத்த வேண்டும் என்று எல்லை வைப்பேன். இதுதான் கண்காணிப்பின் உயிர்நாடி. ஏன் என்பதற்கு ஒரு நாள் சொல்கிறேன்.

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. காலையிலேயே 10 சதவீதம் விழுந்து வர்த்தகத்தை முக்கால் மணி நேரம் நிறுத்தினார்கள். திறந்த பிறகும் விழுந்தது. சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் இறங்கி 25,981இல் முடிந்தது. எங்கள் குழு வீட்டிலிருந்தபடி போனில் கூடியது. எல்லைக் கோட்டின்படி பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு வாங்க வேண்டிய நாள் அது. அதே நேரம் அவர்களிடமிருந்தே “எல்லாத்தையும் வித்துடுங்க” என்று மெயில் வந்துகொண்டிருந்தது. தாளில் கையெழுத்துப் போட்டவர்களிடம் அதை எடுத்துப் படித்துக் காட்டினோம். பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். தாள் இல்லாத பழைய கணக்குகளில் எங்களிடம் வாதாட எதுவும் இல்லை, விற்றோம். நவம்பரில் சந்தை பழைய உச்சத்தைத் தாண்டியது. விற்கச் சொல்லி மெயில் அனுப்பியவர்களில் ஒருவர் அப்போது கூப்பிட்டு, “நீங்கள் ஏன் தடுக்கவில்லை?” என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது.

எட்டு மாதத்தில் எப்போதும் திரும்பி வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 8,000க்குக் கீழே போனது. பழைய இடத்தை 2010 நவம்பரில் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சரிந்தது, உறுதியாகத் தாண்ட 2013 கடைசி ஆனது. மூன்று வருடச் செலவைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்வதும், மீதியில் பாதிக்கு மேல் பங்கில்லாமல் வைப்பதும் அந்த மாதிரி காலத்துக்காகத்தான்.

அப்புறம், அம்மாவின் முதல் கேள்வி. பணம் யார் பெயரில்? பிஎம்எஸ்ஸாக இருந்தாலும் மியூச்சுவல் ஃபண்டாக இருந்தாலும் உங்கள் பெயரில்தான். பிஎம்எஸ்ஸில் பங்குகள் உங்கள் பெயரிலுள்ள டீமேட் கணக்கில், மின்னணு வடிவில் கிடக்கும், கஸ்டோடியன் என்ற வேறொரு நிறுவனம் காவல் காக்கும். நிர்வகிக்கும் நிறுவனம் நாளைக்கே மூடினாலும் பங்குகள் உங்களுடையவை. ஆனால் அதை இயக்க ஒரு பவர் ஆஃப் அட்டர்னியில் கையெழுத்து வாங்குவார்கள். 2019 நவம்பரில் கார்வி தரகு நிறுவனத்தின் மீது செபி உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கலாம். வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தி அவர்களின் பங்குகளை அடகு வைத்த விவகாரம் அது. பிறகு விதிகள் இறுகிவிட்டன. இருந்தாலும் நிறுவனத்தின் ஆப் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல்லிலிருந்து உங்கள் மெயிலுக்கு ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை வரும், கடவுச்சொல் உங்கள் பான் எண். அதைத் திறந்து நிறுவனம் தரும் காலாண்டு அறிக்கையோடு ஒப்பிடுங்கள். மெயில் முகவரி உங்களுடையதாக இருக்க வேண்டும். “நாங்களே ஒன்று உருவாக்கித் தருகிறோம் சார்” என்றால் விடாதீர்கள்.

இவர்களிடம் என்ன சொல்வது என்று தயங்குகிறீர்கள் என நினைக்கிறேன், வீடு தேடி வந்து காபி குடித்துவிட்டுப் போனவர்கள். திட்டத்தை மறுக்க வேண்டாம். “எங்கள் வீட்டுக் கணக்கை வைத்து ஒரு பக்கத் தாள் எழுதிக் கொண்டுவாருங்கள், இந்த மூன்றிலும் உங்களுக்கு ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். கொண்டுவந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

எந்தக் கணக்கு திறந்தாலும் நாமினியாக அம்மா பெயரைப் போடுங்கள், ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்குத்தான் என்று பங்குகள் விஷயத்தில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பூர்வீக நிலம் விற்ற பணம் என்பதால் இதில் யார் யாருக்குப் பங்கு உண்டு என்று ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்பே ஒரு உயில் எழுதிவிடுங்கள்.